மணிமங்கலமும் தொண்டை நாட்டு ஊரமைப்பும்

1. முன்னுரை

சென்னைக்குத் தென்மேற்கே, தாம்பரத்திற்கும் திருப்பெரும்பூதூருக்கும் இடையில் அமைந்த ஊர் மணிமங்கலம். தமிழக வரலாறு பயில்வோர் அப்பெயரை நன்கறிவர். பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன், சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட போர்க்களங்கள் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்பன எனக் கூரம் செப்பேடு கூறும். அவ்வெற்றியைத் தொடர்ந்து கி. பி. 642-ஐ ஒட்டி வாதாபி நகர் பல்லவர் கைப்பட்டது. பிற்காலச் சோழர் வரலாற்றிலும் இவ்வூர் சிறப்பிடம் பெறுகின்றது. இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் ஆகியோரின் கல்வெட்டுகள் இங்குள்ள இராசகோபாலப் பெருமாள் கோயிலில் உள்ளன. கொப்பத்துப் போரையும் கூடல் சங்கமத்துப் போரையும் பற்றி எழுதுவோர் இவற்றை எடுத்தாளாமல் இருப்பதில்லை.

ஆயினும், நாம் ஒன்றை ஈண்டு நோக்குதல் வேண்டும். இக்கல்வெட்டுகளை ஆராய்ந்தோருட் பலர் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிட்டனர். மெய்க்கீர்த்தி முடிந்தபின் தொடங்கும் பகுதியில் ஊரின் பெயர், நாடு, கோட்டம், சபை, நிலம், எல்லை, வாய்க்கால் ஆகியன இடம்பெறுதல் சோழர் காலக் கல்வெட்டுகளின் மரபு. அரசன் எங்கே வென்றான் என்பதை முற்பகுதி கூறுகின்றது. மக்கள் எங்கே, எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பிற்பகுதி கூறுகின்றது. முன்னது பலராலும் பேசப்பெற்றது. பின்னதை அடிப்படையாகக் கொண்டு, ஊரின் அமைப்பு மக்களின் அன்றாட வாழ்க்கையை எவ்வாறு உருவாக்கிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரமைப்பு என்றவழி, கோபுரமும் மாடமும் போன்ற அழகுப் பொருள்களை மட்டும் நாம் கருதவில்லை. யார் எங்கே குடியிருத்தல் வேண்டும், எவ்வழியே நடத்தல் வேண்டும், எந்நீரைப் பருகுதல் வேண்டும், எச்சுவரில் எதனைப் பூசலாம் என்றெல்லாம் முன்னரே தீர்மானித்து வைக்கும் ஏற்பாடே அமைப்பாவது. வகுத்தோர் மறைந்த பின்னரும் அது நின்று ஏவல் செய்யும். எனவே அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் தகும்.

2. பெரும்பாணாற்றுப்படை காட்டும் மனைகள்

தொண்டை நாட்டு மனைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் தலையாயது, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை ஆகும். பாணன் காஞ்சிக்குச் செல்லும் வழியில் எயினர், இடையர், உழவர், வலைஞர், அந்தணர் முதலியோரின் இருப்பிடங்களைக் காண்கின்றான். புலவர் ஒவ்வோர் இருப்பிடத்தையும் அங்கு வாழ்வாரின் தொழிலோடு பொருத்தியே கூறுகின்றார்.

எயினர் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பெற்றது. இடையர் குடிலின் கூரை வரகு வைக்கோலால் ஆயது. படுக்கை தோலால் ஆயது. முல்லை நிலத்து உழவரின் கொட்டிலில் கலப்பையும் உருளையும் சுவரிற் சார்த்தப்பெற்றிருக்கும். சாய்த்துச் சாய்த்து அச்சுவர் தேய்ந்திருக்கும். வலைஞர் மனையின் முற்றத்தில் மீன் பிடிக்கும் பறிகள் கிடக்கும். அந்தணர் மனையின் முன் பந்தற்காலிற் கன்று கட்டப்பெற்றிருக்கும். அவ்விடத்துக் கோழியும் நாயும் அணுகா.

இவ்வருணனைகளைத் திணைக்குரிய கருப்பொருள் எனக் கூறி அமைதல் போதாது. தேய்ந்த சுவர் ஒரு நுட்பமான செய்தியைத் தருகின்றது. மனை தொழிலுக்கேற்ப அமைகின்றது; தொழில் மீண்டும் மனையைத் தேய்த்து உருமாற்றுகின்றது. கோழியும் நாயும் அணுகாத முற்றமோ வேறொரு செய்தியைத் தருகின்றது. மனைக்குள் எது வரலாம், எது வரலாகாது என்னும் வரையறை அக்காலத்திலேயே தோன்றிவிட்டது. இவ்விரு கூறுகளும், அதாவது தொழிலுக்கேற்ற அமைப்பும் விலக்குக்கேற்ற அமைப்பும், பின்வந்த நூற்றாண்டுகளில் எவ்வாறு வளர்ந்தன என்பதை இனிக் காண்போம்.

3. ஊரின் பெயர்

மங்கலம் என முடியும் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் அந்தணர்க்குத் தானமாக அளிக்கப்பெற்ற பிரமதேய ஊர்களைக் குறிப்பன. மணிமங்கலம் என்ற பெயர் பல்லவர் செப்பேட்டிலேயே காணப்படுதலின், சோழர்க்கு முன்பே அது வகுக்கப்பெற்ற குடியிருப்பாய் இருந்திருக்கலாம் என்று கொள்ளுதல் பொருந்தும். சோழர் ஆட்சியில் அது செயங்கொண்ட சோழ மண்டலத்துச் செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. உலோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம், இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம், பாண்டியனை இருமடி வென்கொண்ட சோழச் சதுர்வேதிமங்கலம் என அரசியின் பெயராலும் அரசரின் விருதுகளாலும் அது வழங்கப்பெற்றது.

வேந்தர் இட்ட பெயர்கள் மூன்றும் வழக்கொழிந்தன. மக்கள் நாவில் நின்றது மணிமங்கலம் என்ற பழம்பெயரே. ஆனால், பெயர் மாறிய போதெல்லாம் தெருவும் வாய்க்காலும் உடன் மாறவில்லை. அரசாணையால் ஓர் ஊரின் பெயரை ஒரு நாளில் மாற்றலாம். நீர் ஓடும் வழியை அவ்வாறு மாற்றல் இயலாது.

4. சதுர்வேதிமங்கலத்தின் திட்டம்

சதுர்வேதிமங்கலங்கள் தாமாக வளர்ந்த ஊர்கள் அல்ல, திட்டமிட்டு வகுக்கப்பெற்றவை. மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் ஊரை வகுக்கும் முறைகளை விரித்துரைக்கின்றன. தண்டகம், சருவதோபத்திரம், நந்தியாவர்த்தம், பதுமகம், சுவத்திகம், பிரத்தரம், கார்முகம், சதுர்முகம் என எண்வகை ஊர்களை மானசாரம் கூறும். தெருக்களின் போக்கை வைத்தே இவ்வகைகள் பிரிக்கப்பெற்றன என்பது கருதத்தக்கது.

நூல்கள் கூறியவாறே ஊர்கள் அமைந்தனவா என்னும் ஐயம் எழலாம். அதனை நீக்குதற்கு உத்தரமேரூர் துணைசெய்கின்றது. மணிமங்கலத்தைப் போன்றே தொண்டை மண்டலத்துச் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய அவ்வூரைப் பிரான்சுவா குரோ, இரா. நாகசாமி ஆகிய இருவரும் விரிவாக ஆராய்ந்து 1970-இல் நூலாக வெளியிட்டனர். சுந்தரவரதப் பெருமாள் கோயிலை உள்ளிட்ட அவ்வூர் ஆகம நெறியைத் தழுவி வகுக்கப்பெற்றது என்பது அவ்வாய்வால் விளங்கிற்று.

குடியிருப்பினும் வியப்புக்குரியது வயல்வெளியின் அமைப்பு. ஒரு திசையிற் செல்லும் வழிகள் வதி எனப்பட்டன. அவற்றைக் குறுக்கிட்டு வாய்க்கால்கள் ஓடின. வாய்க்காலிலிருந்து பிரியும் சிறு கால்கள் கண்ணாறு எனப்பட்டன. அவற்றிற்கு முதற் கண்ணாறு, இரண்டாங் கண்ணாறு என எண் இடப்பெற்றது. கண்ணாறுகளுக்கு இடைப்பட்ட நிலத்துண்டு சதிரம் அல்லது சதுக்கம் எனப்பட்டது. அதற்கும் எண் உண்டு. எனவே ஒரு வயலைக் குறிப்பிட வேண்டுமாயின், இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாங் கண்ணாற்று இத்தனையாஞ் சதிரம் என்றால் போதும். இக்காலத்து அஞ்சல் முகவரியைப் போலவே அது ஐயத்திற்கிடமின்றி ஒரு துண்டு நிலத்தைச் சுட்டும்.

ஈண்டு நாம் அழுத்திக் கூற விரும்புவது ஒன்று. இம்முகவரியின் அடிப்படை நீர். நிலத்தை அளந்தபின் நீருக்கு வழி தேடினார் அல்லர். நீரின் வழியைக் கொண்டே நிலத்தை அளந்தனர். ஒருவன் தன் நிலம் எது என்று கூறும்போதே, அதற்கு எவ்வாய்க்கால் நீர் பாயும் என்பதையும் கூறியவனாகின்றான். வாய்க்கால் தூர்ந்தால் வயல் வறள்வதோடு ஆவணமும் பொருளிழக்கும். ஆகவே, வாய்க்காலைக் காத்தல் உழவனுக்கும் சபைக்கும் கோயிலுக்கும் ஒருங்கே கடனாயிற்று. காவல் விதியைத் தனியே எழுதி வைப்பதினும், காவாமல் இருக்க முடியாதவாறு அமைத்து வைத்தலே உறுதி மிக்கது என்பதற்கு இது சான்று.

5. மனையும் உரிமையும்

உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துப் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் (கி. பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் பெரிதும் போற்றப்படுகின்றன. முப்பது குடும்புகளாக ஊர் பிரிக்கப்பெற்றதும், ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றிற்கு ஆண்டுதோறும் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பெற்றதும் யாவரும் அறிந்தன. ஆயின், வாரியத்துக்குரியவனின் தகுதிகளுள் ஒன்றை நாம் இவ்வாய்வின் நோக்கிற் காணுதல் வேண்டும். அவன் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாதலோடு, தனக்குரிய மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவனாகவும் இருத்தல் வேண்டும். முப்பத்தைந்து வயதிற்கு மேலும் எழுபதிற்குக் கீழும் உள்ள அறிவுடையோனாயினும், சொந்த மனையில்லையேல் அவன் பெயர் குடத்தில் இடப்பெறாது. மனை தங்குமிடம் மட்டும் அன்று. ஊராட்சியின் வாயிலும் ஆயிற்று.

மனையின் வடிவமும் அவ்வாறே உரிமையாகக் கருதப்பெற்றது. முதலாம் இராசராசனின் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில் எழுந்த ஆனைமங்கலச் செப்பேடும், இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சார்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடும் தானம் பெற்றோர்க்குரிய உரிமைகளை வரிசையாக எடுத்துரைக்கின்றன. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்தல், கிணறு தோண்டுதல், தென்னையும் பிற மரங்களும் இடுதல், நீர்க்கேற்ப வாய்க்கால் வெட்டுதல் ஆகியவை அவற்றுட் சில. அவ்வாய்க்காலின் நீரைப் பிறர் குறுக்கே அறுத்துக் கொள்ளுதலும், ஏற்றமிட்டு இறைத்தலும் விலக்கப்பெற்றன. செங்கல் வீடு கட்டுதல் செல்வத்தால் மட்டும் ஆவதன்று. அரசன் அளித்தாலன்றி அமையாத உரிமை அது என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வுரிமை இல்லார் நிலை யாது? கருவூர்க் கல்வெட்டொன்று இதற்கு விடை தருகின்றது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தாற் குறிக்கப்பெறும் அரசன், கொங்கு நாட்டு வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகின்றான். நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், தம் வீட்டுச் சுவர்க்குச் சாந்து பூசலாம். பிறர் மாளிகைகளை எழுப்பியவர் கம்மாளர். கோயில் விமானங்களைச் செதுக்கியவர் கம்மாளர். அவர்கள் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசுதற்கு அரசாணை வேண்டியிருந்தது! ஊர்ச் சுவர்களின் நிறமே ஏற்றத்தாழ்வை அறிவித்து நின்றது.

6. சேரியும் இடைகழியும்

சோழர் ஊர்த்திட்டம் நீரை இணைத்தது, மக்களைப் பிரித்தது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள், வரி நீக்கப்பெற்ற நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர் நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றையும் கூறுகின்றன. சுடுகாடும் தனித்தனியே பிரித்தமையும் சில ஊர்களிற் காணப்படும். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சேரிப் பிரிவு அரசின் கணக்கில் ஏறி, கல்லிற் பொறிக்கப்பெற்று விட்டது. சேரி என்னும் சொல் முன்னர்ச் சேர்ந்து வாழும் இடம் எனப் பொதுப்பட நின்றது. உத்தரமேரூரில் அந்தணர் குடியிருப்புப் பிரிவுகளும் சேரி எனவே வழங்கின. அச்சொல் பின்னர் ஒதுக்கப்பட்டார் உறைவிடத்தை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியது. சொற்பொருள் வரலாற்றில் இத்தகைய மாற்றம் தற்செயலாக நிகழ்வதன்று.

வீட்டின் உள்ளமைப்பிலும் இப்பிரிவு புகுந்தது. தெருத் திண்ணை, இடைகழி, முற்றம், தாழ்வாரம், கூடம், அடுக்களை, கொல்லை என நீண்டு செல்லும் வீட்டில், வந்தவர் யார் என்பதற்கேற்ப அவர் எவ்வளவு தொலைவு உள்ளே செல்லலாம் என்பது வரையறுக்கப்பெற்றது. திண்ணை வழிப்போக்கர்க்கு உரியது. அடுக்களை உறவினர்க்கே உரியது. ஒரே நேர்கோட்டில் அமைந்த வாயில்கள் சமூகத்தின் படிநிலையை அளக்கும் கோல்கள் ஆயின.

இவ்வமைப்பின் இருமுகத்தையும் வைணவ மரபுக் கதைகள் இரண்டு காட்டுகின்றன. பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய ஆழ்வார் மூவரும் தொண்டை நாட்டில் தோன்றியவர் என்ப. திருக்கோவலூரில் மழை பெய்த இரவில் ஓர் இடைகழியில் அவர்கள் ஒருங்கே தங்கினர். ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவினது அவ்விடம். அறியாதவர்க்கும் இடங்கொடுக்கும் அமைப்பு அது. மற்றொரு கதை, திருப்பெரும்பூதூரில் கி. பி. 1017-இற் பிறந்தவராகப் போற்றப்பெறும் இராமாநுசரைப் பற்றியது. காஞ்சியில் அவர் அந்தணரல்லாத திருக்கச்சி நம்பியைத் தம் இல்லத்திற்கு அமுதுண்ண அழைத்தார். நம்பி வந்த வேளையில் அவர் இல்லை. மனைவியார் அமுது படைத்து, நம்பி சென்றபின் அவ்விடத்தைக் கழுவித் தூய்மை செய்தார். அதனையறிந்து இராமாநுசர் வருந்தினார் எனக் குருபரம்பரை கூறும். ஒரு வீட்டின் தரையிற் கிடந்த எல்லைக்கோடு, அவ்வீட்டுத் தலைவனின் விருப்பத்தினும் வலிமையுடையதாய் இருந்தமையை அக்கதை உணர்த்துகின்றது.

7. தறியும் தெருவும்

பிரமதேய ஊர்களின் அமைப்பு நிலத்தைச் சார்ந்தது. வணிகமும் கைத்தொழிலும் நகரம் என்ற பெயரிய ஊர்களிற் செழித்தன. அவற்றுட் காஞ்சி தலைமை வாய்ந்தது. உத்தம சோழனின் பதினாறாம் ஆட்சியாண்டுச் செப்பேடு காஞ்சிபுரத்து நெசவாளர் வாழ்ந்த நான்கு சேரிகளைக் கூறி, ஊரகத்துக் கோயிற் கணக்கைப் பேணும் பொறுப்பை அவர்க்கு அளிக்கின்றது. தொழிலால் ஒன்றுபட்ட தெரு, பொதுப் பொருளைக் காக்கும் அவையாகவும் இயங்கியது.

நெசவாளர் தெருக்களின் வடிவத்தை நெசவே வகுத்தது. குழித்தறி வீட்டின் கூடத்தில் இருந்தது. ஆனால் பாவு கூடத்தில் அடங்காது. அதனை நீட்டிக் கஞ்சியிட்டு ஆற்றுதற்கு நேரான, அகன்ற தெரு வேண்டும். விடியற்காலையில் தெரு முழுதும் பாவு நீண்டிருக்க, வீட்டார் அனைவரும் அண்டை வீட்டாரும் கூடி இழை சேர்ப்பர். எனவே நெசவாளர்க்குத் தெரு போக்குவரத்து வழி மட்டும் அன்று. தொழிற்கூடத்தின் ஒரு பகுதி. சிலப்பதிகாரம் புகார் நகரை வருணிக்கையில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே மரநிழலில் நாளங்காடி அமைந்திருந்ததைக் கூறும். இருபாலாரும் கூடுதற்குரிய இடத்தைக் கடையாக அமைத்த அறிவும், தெருவைத் தறியின் நீட்சியாக அமைத்த அறிவும் ஒருதன்மையவே. பெரும்பாணாற்றுப்படையில் நாம் கண்ட தொழிலுக்கேற்ற அமைப்பு இவ்வாறு நகரளவில் வளர்ந்தது.

8. ஏரித்தொடர்

மணிமங்கலத்தின் அமைப்பிற்கு உயிர்நிலையாவது அதன் ஏரி. தொண்டை நாட்டிற் காவிரி போன்ற வற்றாத பேராறு இல்லை. வடகிழக்குப் பருவத்தில் ஓரிரு திங்களிற் பெய்யும் மழையைத் தேக்கியே ஆண்டு முழுதும் வாழ்தல் வேண்டும். ஆகையால் நிலம் சாய்ந்த திசைக்குக் குறுக்கே பிறைவடிவாகக் கரை எழுப்பி, மதகு வைத்து, மிகைநீர் வழியக் கலங்கல் அமைத்தனர். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரியை நிரப்பும். மேலூரின் மிகுதி கீழூரின் வருவாய் ஆகும். ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகைநீரே அடையாற்றின் தலைநீராகும்.

இத்தொடரில் மூன்று உறுப்புகள் இன்றியமையாதன. நீர் வந்து சேரும் வரத்துக்கால், நீர் நிற்கும் உள்வாய், நீர் வழியும் போக்குக்கால் என்பன அவை. உள்வாய் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடத்தலின், அறியாதார்க்குப் பயனற்ற வெற்றிடமாகத் தோன்றும். அவ்வெற்றிடமே அமைப்பின் மையம். சபை தன்னிடத்திலிருந்த நிலத்தைப் பிறர்க்கு விற்கும்; கோயிலுக்கும் கொடுக்கும்; ஆனால் உள்வாயைத் தூர்க்க இசையாது. ஏரி வாரியம் ஆண்டுதோறும் அமைக்கப்பெற்றதன் காரணம் இதுவே.

கிழக்கிந்தியக் கும்பினியார் ஆட்சியில் செங்கற்பட்டுச் சாகீரில் 1767 முதல் 1774 வரை தாமசு பார்னார்டு நடத்திய அளவை, ஊர்தோறும் வீடுகள், தொழில்கள், ஏரிகள் முதலியவற்றைக் கணக்கிட்டது. ஊர்க் கணக்கர் எழுதிய ஓலைகள் அதற்கு ஆதாரமாயின. பின்னர் 1794 முதல் சாகீரை ஆண்ட இலயனல் பிளேசு ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் பற்றிய கதை அவர் பெயரோடு இணைந்து இன்றும் வழங்குகின்றது. அயலவரும் ஏரியைக் காவாமல் இந்நாட்டில் வரி தண்டல் இயலாது என்பதை உணர்ந்தனர்.

9. இக்காலத்து ஊர்த்திட்டம்

1971-இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம், தமிழ்நாட்டில் தொழிற்பூங்காக்களை வகுக்கும் பணியை மேற்கொண்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்பூதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியாத் தொழிற்சாலை 2014-இல் மூடப்பெற்றது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பெற்றது. இங்ஙனம் மணிமங்கலத்தின் அண்டை நிலம் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் புதியதோர் ஊர்த்திட்டத்திற்கு உட்பட்டது.

இத்திட்டத்தின் அடிப்படை சாலை. நிலத்துண்டுகள் எண்ணிடப்பெற்றுச் சதுரங்களாக வகுக்கப்பெறுதலில் இது பழந்திட்டத்தை ஒக்கும். ஆனால் அங்கே துண்டின் முகவரி வாய்க்காலைச் சுட்டிற்று. இங்கே சாலையைச் சுட்டுகின்றது. இம்மாற்றம் சிறிதன்று. முகவரியில் இடம்பெறாத வாய்க்காலைக் காத்தற்கு எவர்க்கும் நாள்தோறும் நினைவு வருவதில்லை. வல்லம் வடகால் என்னும் ஊர்ப்பெயரில், கால் என்ற சொல் கால்வாயைக் குறிப்பதாகக் கொள்ளத்தக்கது. பெயரில் நிற்கும் நீர் திட்டத்தில் இல்லாமற் போகலாமோ என்பதே நம் வினா.

அவ்வினாவிற்கு 2015-ஆம் ஆண்டு விடையளித்தது. அவ்வாண்டு டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ. மீ. மழை பெய்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. அப்பேரழிவைச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தமையோடு மட்டும் இணைத்துப் பேசுவோர் உளர். ஆனால் அவ்வேரியின் நீர் அடையாற்றைச் சேர்வது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூரும் வரதராசபுரமும் அதற்கு மேற்பக்கத்தில் உள்ளன. அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரித்தொடரின் நீர். போக்குக்கால் இருந்த இடத்தில் வீட்டுமனைகள் நின்றன. நீர் தன் பழைய முகவரிக்கு வந்து சேர்ந்தது.

மக்கள் வாழிடமும் மாறியுள்ளது. வேற்று மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர், மக்கள் லைன் வீடு என்று வழங்கும் ஒற்றையறை வரிசைகளில் வாழ்கின்றனர். அவற்றிற்குத் திண்ணையும் இல்லை, கொல்லையும் இல்லை. பெண் தொழிலாளர் பலர் விடுதிகளில் தங்குகின்றனர். 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் உண்ட உணவால் பலர் நோயுற, அவர்தம் தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். கூடிப் பேசுதற்குத் திண்ணையும் முற்றமும் இல்லாதார்க்கு நெடுஞ்சாலையே மன்றம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய வளாகம் ரூ. 706.50 கோடிச் செலவிற் கட்டித் திறக்கப்பெற்றது. ஓர் ஊரினும் பெரிய மக்கள் தொகை ஒரே வளாகத்தில் வாழ்கின்றது. அவர்கள் அங்கே மனையுடையார் அல்லர். பணி உள்ளளவும் படுக்கை உடையார்.

எனினும் ஒன்றைக் கூறாது விடுதல் நடுநிலை ஆகாது. சதுர்வேதிமங்கலத்தின் திட்டத்தில் ஒருவன் பிறந்த சேரியே அவன் இடத்தை வரையறுத்தது. பிறந்த ஊரை விட்டு வந்து, ஊதியத்தைத் தன் கையாற் பெறும் பெண் அங்கே கருதப்பெறவே இல்லை. தொழிற்சாலையின் வரிசையில் பல சேரிகளின் மகளிரும் அருகருகே நிற்கின்றனர். ஒரே கூடத்தில் உண்கின்றனர். திருக்கச்சி நம்பி உண்ட இடத்தைக் கழுவிய வீட்டமைப்பு இங்கே செல்லாது. இதனைப் பெரும்பேறு என்றே நாம் கொள்ளுகின்றோம்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் சில. தொண்டை நாட்டில் மனையும் தெருவும் தொழிலுக்கேற்ப அமைந்தமை சங்க காலந்தொட்டுக் காணப்படுகின்றது. சோழர் காலத்துச் சதுர்வேதிமங்கலத் திட்டம் நீரை முதலாக வைத்து நிலத்தை வகுத்தது. அதனாலேயே பல நூற்றாண்டுகள் நிலைத்தது. அதே திட்டம் மக்களைச் சேரிகளாகப் பிரித்துக் கல்லிலும் சுவரிலும் தரையிலும் அப்பிரிவை நிறுத்தியது. அதுவும் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. நன்மையும் தீமையும் ஒரே அமைப்பால் ஒரே வகையில் நிலைபெற்றன என்பதே நாம் உணரத்தக்க உண்மை.

எனவே பழமையை முழுதும் போற்றுதலும் முழுதும் புறக்கணித்தலும் ஆராய்ச்சியாளர்க்குப் பொருந்தா. புதிய திட்டம் சேரியைக் கைவிட்டதாயின் அது நன்று. கண்ணாற்றையும் உடன் கைவிட்டது தீது. மனையில்லாதார்க்கு ஊராட்சியில் இடமில்லை என்ற உத்தரமேரூர் விதி, வாடகை அறையிலும் விடுதியிலும் வாழும் தொழிலாளர் வகையில் வேறுருவில் தொடர்கின்றதா என்பதும் ஆராயத்தக்கது.

மணிமங்கலத்துக் கல்வெட்டுகளின் பிற்பகுதியையும், அவ்வூரைச் சூழ்ந்த ஏரிகளின் வரத்துக்கால், போக்குக்கால்களின் பெயர்களையும் தொகுத்து ஒப்புநோக்கும் பணி தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்கது. அப்பெயர்கள் முதியோர் நாவிலும் வருவாய்த்துறைப் பதிவேடுகளிலும் இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றைத் தொகுத்தல் சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. அடுத்த பெருமழையில் நீர் எவ்வழியே வரும் என்பதை முன்னறிந்து உரைத்தலும் ஆகும்.